பொதுச்சுவரும் இரண்டு சர்வேயர்களும்: லண்டனில் சமையலறை நீட்டிய கதை

எங்கள் வீடு வடமேற்கு லண்டனில், ரேனர்ஸ் லேன் பக்கம். 1930களில் வரிசையாகக் கட்டிய வீடுகளில் நடுவில் மாட்டிக்கொண்ட ஒன்று. சமையலறையில் இரண்டு பேர் நின்றால் மூன்றாவது ஆள் ஃப்ரிட்ஜைத் திறக்க முடியாது. பின்பக்கம் தோட்டத்துக்குள் மூன்று மீட்டர் நீட்டிவிடலாம் என்று 2023 கடைசியில் முடிவு செய்தோம். வரிசை வீட்டுக்குத் தரைத்தளத்தில் மூன்று மீட்டர் வரை, வழக்கமான நிபந்தனைகளுக்குள் இருந்தால், கவுன்சிலிடம் பிளானிங் அனுமதி கேட்க வேண்டியதில்லை. அதனால் வேலை சுலபம் என்று நினைத்தேன். கவுன்சில் விட்டுக்கொடுப்பது வேறு, பக்கத்து வீட்டுச் சுவர் வேறு என்பது ஆர்க்கிடெக்ட் சொன்ன பிறகுதான் உறைத்தது.

இங்கே அதற்குத் தனிச் சட்டமே இருக்கிறது. பெயர் பார்ட்டி வால், அதாவது பொதுச்சுவர்ச் சட்டம், 1996. இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் 1997 ஜூலை முதல் நடப்பில் இருக்கிறது. அதற்கு முன் இப்படி ஒரு ஏற்பாடு முக்கியமாக லண்டனில்தான் இருந்தது. 1666இல் ஊரே எரிந்து போன பிறகு, வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே செங்கல் சுவர் இருக்க வேண்டும் என்று விதி போட்டார்களே, அந்த வழியில் வந்தது.

நம் ஊர்ப் பத்திரத்தில் 'கிழக்குச் சுவர் பொதுச்சுவர்' என்று ஒரு வரி இருக்கும், அதோடு சரி. இங்கே அந்த ஒரு வரிக்கு நோட்டீஸ், கெடு, சர்வேயர், அவார்டு என்று முழுக் கச்சேரி. இருக்கும் பொதுச்சுவரில் கை வைப்பதென்றால் இரண்டு மாதம் முன்பு நோட்டீஸ். எல்லையில் புதுச் சுவர் எழுப்பினாலோ, பக்கத்து வீட்டிலிருந்து மூன்று மீட்டருக்குள் அவர்கள் அஸ்திவாரத்தைவிட ஆழமாகத் தோண்டினாலோ ஒரு மாதம். சுவரில் ஷெல்ஃப் மாட்ட ஓட்டை போடுவதற்கெல்லாம் தேவையில்லை.

கொத்தனார், "நோட்டீஸா? யார் அனுப்புகிறார்கள் இந்தக் காலத்தில்" என்றார். அனுப்பாமல் கட்டினால் அபராதம் என்று சட்டத்தில் எதுவும் இல்லை என்பது உண்மைதான். ஆனால் பக்கத்து வீட்டுக்காரர் நீதிமன்றத்தில் தடை வாங்கி வேலையை நிறுத்தலாம். நோட்டீஸே போடவில்லை என்றால் சர்வேயர் ஏற்பாடும் கிடையாது, நேரே கோர்ட்டுதான் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 2023இல் சொல்லிவிட்டது. பாதி வெட்டிய குழியோடு கோர்ட்டுக்கு அலைய எனக்குத் தெம்பில்லை.

சரி, சுவருக்கு வருகிறேன்.

இடப்பக்கம் யாழ்ப்பாணத்துக் குடும்பம். அவர் ஓய்வு பெற்றவர், நான் அண்ணை என்று கூப்பிடுவேன். 1998இல் அவர் பின்பக்கம் நீட்டிக் கட்டியிருக்கிறார். அதன் பக்கச்சுவர் எங்கள் எல்லையில் நிற்கிறது. ஆர்க்கிடெக்ட் முதலில் போட்ட வரைபடத்தில் அதை அண்ணையின் சுவர் என்றே வைத்துக்கொண்டு, ஐந்து செ.மீ. சந்து விட்டு, எனக்கு முப்பது செ.மீ. கனத்தில் இன்னொரு சுவர் வரைந்திருந்தார். வலப்பக்கமும் அப்படியே ஒரு சுவர். கடைசியில் மிஞ்சுவது ரயில் பெட்டி நடைபாதை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, தோட்டத்துக் கோடியில் இருக்கும் பழைய வேலிக் கம்பத்தில் நூலைக் கட்டி, வீட்டின் பின்சுவரில் இரண்டு வீடுகளும் சேரும் நடுக்கோடு வரை இழுத்துப் பிடித்தேன். போகும் வழியில் நூல் அண்ணையின் சுவருடைய முனையில் ஏறியது. முனையின் ஓரத்தில் இல்லை, ஏறக்குறைய நடுவில். டேப்பை வைத்துப் பார்த்தால் அவர் பக்கம் பதினைந்து செ.மீ., என் பக்கம் பதினாலரை. அப்படியென்றால் இது எல்லையில் கால் விரித்து நிற்கும் சுவர். பொதுச்சுவர். அதையே என் சமையலறைக்கும் சுவராக வைத்துக்கொண்டு, உள்பக்கம் இன்சுலேஷன் பலகை அடித்தால் எனக்கு இருபத்தைந்து செ.மீ. மிச்சம். சமையலறையில் இருபத்தைந்து செ.மீ. என்றால் ஒரு ஆள் குறுக்கே போகும் வழி.

உற்சாகத்தில் ஆர்க்கிடெக்டைத் திருத்தி வரையச் சொன்னேன். அவரே நோட்டீஸையும் தயார் செய்து தபாலில் அனுப்பிவிடுகிறேன், இரண்டுக்கும் சேர்த்து 150 பவுண்டு என்றார். அரசு வெளியிட்டிருக்கும் விளக்கக் கையேட்டில் மாதிரிக் கடிதங்கள் இருக்கின்றன, அதைப் பார்த்து நாமே எழுதிக் கையில் கொடுக்கலாம், காசில்லை என்பது எனக்கு அப்போது தெரியாது. அனுப்புங்கள் என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விட்டேன்.

நான் செய்த பெரிய தப்பு அதுதான். 2024 ஜனவரி, ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் அண்ணை வாசலில் நிற்கிறார். கையில் கடிதம்.

"தம்பி, இது என்ன, கோட்டுக் கடிதமே?"

அந்தக் கடிதத்தை அவர் இடத்தில் நின்று படித்துப் பாருங்கள். சட்டத்தின் பிரிவு எண், பதினான்கு நாள் கெடு, பதில் சொல்லாவிட்டால் தகராறு எழுந்ததாகக் கருதப்படும் என்ற வரி. தகராறு என்ற சொல்லை மகள் மொழிபெயர்த்துச் சொல்லியிருக்கிறாள். "பத்து வருசமாப் பக்கத்திலை இருக்கிறம். ஒருக்கா வந்து கதைச்சிருக்கலாமே" என்றார். அப்புறம், பாதி சிரிப்பும் பாதி கோபமுமாக, "ஊரிலை ராவோட ராவாக் கதியாலை அரக்கிற ஆக்களைப் பாத்திருக்கிறன். இஞ்சை பேப்பர் அனுப்பி அரக்கிறீங்கள்" என்றார். கதியாலை அரக்குவதென்றால் வேலிக் கம்பை நகர்த்தி அடுத்தவர் நிலத்தைப் பிடிப்பது. யாழ்ப்பாணத்து வேலிச்சண்டை பற்றித் தெரிந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய அடி என்று புரியும். உட்கார வைத்து விளக்கப் பார்த்தேன். தேநீரைக் குடிக்காமலே போனார்.

வலப்பக்கத்து வீட்டில் நடந்தது நேர் எதிர், அதில் என் சாமர்த்தியம் ஒன்றுமில்லை. அங்கே தனியாக இருக்கும் ஆங்கிலேயப் பாட்டி. கடிதம் போய்ச் சேருவதற்கு முதல் நாள் தற்செயலாக வாசலில் பார்த்து, இப்படி ஒன்று வரும், பயப்படாதீர்கள், வரைபடத்தோடு நானே வருகிறேன் என்று சொல்லியிருந்தேன். போனேன். மேசையில் எங்கள் உறை பிரிக்காமல் கிடந்தது. நில ஆவணப் பதிவேட்டில் அப்போது 3 பவுண்டு கட்டி உரிமையாளர் பெயர் எடுத்திருந்தோம். அதில் அவர் பெயரோடு காலமான கணவர் பெயரும் அப்படியே இருந்திருக்கிறது, உறையிலும் அச்சாகிவிட்டது. "அவருக்கு இன்னும் கடிதம் வருகிறது பாருங்கள்" என்று சிரித்தபடி உறையைத் தடவிக்கொண்டார். எனக்குத்தான் எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. அவர் பக்கம் எல்லையில் வேலி மட்டும்தான். என் சுவர் முழுக்க என் நிலத்தில் வரும், அஸ்திவாரம் மட்டும் அவர் வீட்டுடையதைவிட ஆழம் போகும். ரோஜாச் செடி மேல் எதையும் சாய்க்கக் கூடாது, காலை எட்டரைக்கு முன் சத்தம் கூடாது என்ற இரண்டு நிபந்தனையோடு ஒன்பதாம் நாள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அவர் வீட்டுப் பின்சுவர், கூரை ஓரம், நடைபாதைக் கல் எல்லாவற்றையும் நாற்பத்தாறு படம் எடுத்து, தேதியோடு அவருக்கும் ஒரு பிரதி கொடுத்தேன். அந்தப் பக்கத்துக்குச் சர்வேயர் செலவு சுழியம்.

இடப்பக்கம் பன்னிரண்டாம் நாள் பதில் வந்தது. "சம்மதமில்லை, என் தரப்புக்குத் தனிச் சர்வேயர்" என்று அண்ணை எழுதியிருந்தார். நடுவில் என்ன நடந்தது என்று பிறகுதான் தெரிந்தது. ஒரு சர்வேயர் நிறுவனத்திலிருந்து அண்ணைக்குக் கடிதம் போயிருக்கிறது. உங்கள் பக்கத்து வீட்டில் கட்டுமானம் நடக்கப்போகிறது, உங்கள் உரிமையைக் காக்க நாங்கள் இருக்கிறோம், உங்களுக்கு ஒரு பென்னி செலவில்லை. கவுன்சிலில் போடும் விண்ணப்பங்கள் பொதுவில் கிடைக்கும், அதைப் பார்த்து இப்படிக் கடிதம் போடுவதை ஒரு தொழிலாகவே சிலர் செய்கிறார்கள். எங்கள் ஆர்க்கிடெக்ட் 'அனுமதி தேவையில்லை' என்பதற்கு ஒரு சான்றிதழ் கேட்டு விண்ணப்பித்திருந்தார், அதில் பிடித்திருக்க வேண்டும். செலவில்லை என்பது பொய்யில்லை. கட்டுகிறவர்தான் வழக்கமாக இரண்டு பக்கச் சர்வேயருக்கும் கொடுக்க வேண்டும். அண்ணை செய்தது தப்பென்று நான் சொல்லவே மாட்டேன், அவர் உரிமை அது. ஆனால் இரண்டு பேரும் சேர்ந்து ஒரே சர்வேயரை ஒத்துக்கொள்ளவும் சட்டத்தில் வழி இருக்கிறது. அந்தத் தேநீரை அவர் குடித்திருந்தால் அதைப் பேசியிருப்போம்.

சர்வேயர் என்றதும் சங்கிலி பிடித்து அளக்க வரும் ஆள் என்றுதான் நமக்குத் தோன்றும். இங்கே இந்தச் சர்வேயர் எல்லையை அளந்து தீர்ப்புச் சொல்வதில்லை, அந்த அதிகாரமே அவருக்குக் கிடையாது. எப்படிக் கட்டலாம், எந்த நேரம் வேலை செய்யலாம், சேதம் வந்தால் என்ன, செலவு யார் தலையில் என்று முடிவு செய்து 'அவார்டு' எழுதுகிறவர், பாதி நீதிபதி. எழுத்தில் நியமித்துவிட்டால் பிடிக்கவில்லை என்று மாற்ற முடியாது. காசு கொடுப்பது நான், ஆனால் அவர் என் ஆள் இல்லை. இது புரிய எனக்கு மூன்று வாரம் பிடித்தது. இரண்டு சர்வேயரும் முதல் வேலையாக மூன்றாவது சர்வேயர் ஒருவரைப் பெயர் குறித்து வைப்பார்கள். அவர்களுக்குள் ஒத்துவராவிட்டால் அவர் முடிவு. இந்தத் தொழில்காரர்களுக்கு 1974 முதல் ஒரு சங்கம்கூட இருக்கிறது. சுவரில் இருந்த ஓட்டை வழியே காதல் பேசிய பழங்கதை ஜோடியான பிரமஸ், திஸ்பியின் பெயரைச் சங்கத்துக்கு வைத்திருக்கிறார்கள். மணிக்கு 190 பவுண்டு வாங்கும்போது காதல் வரும்தான்.

அந்த 190, அண்ணையின் சர்வேயருடைய கட்டணம், வாட் வரி தனி. என்னுடையவர் மொத்தமாக 850 பேசினார், வரியோடு 1,020. பிப்ரவரி முழுக்க இருவரும் மின்னஞ்சல் எழுதிக்கொண்டார்கள். விஷயம் ஒன்றுதான்: அந்தச் சுவர் பொதுச்சுவரா, அண்ணையின் சுவரா? என் கையில் இருந்த ஆதாரம் ஒரு நூல். அண்ணையின் சர்வேயர் நூலை ஏற்கவில்லை. அவர் இடத்தில் நானும் ஏற்றிருக்க மாட்டேன். அந்தச் சுவரடியில் என் பக்கம் சோதனைக் குழி தோண்டிப் பார்த்தோம். களிமண்ணில் ஒரு மீட்டர் ஆழத்தில் கான்கிரீட் நன்றாகவே போட்டிருந்தார்கள், என் பக்கமும் நீண்டிருந்தது. என் கூரைப் பாரம் அந்தச் சுவரில் ஏறப்போவதில்லை, கட்டைகள் வீட்டுச் சுவரிலிருந்து பின்னால் இருக்கும் இரும்பு உத்திரத்துக்குப் போகின்றன. அதனால் பலம் பற்றிப் பேச்சில்லை. உரிமை மட்டும்தான் இழுத்தது.

மார்ச்சில் இரண்டு சர்வேயரும் அண்ணை வீட்டுக்குள் இருக்கும் நிலையைக் குறித்துக்கொள்ள வந்தார்கள். என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். சமையலறையில் அந்தச் சுவரில் நல்லூர்க் கந்தன் காலண்டர். சர்வேயர் மரியாதையாகக் கேட்டு அதைக் கழற்றினார். பின்னால் மேலிருந்து கீழே ஒரு முடி விரிசல். அண்ணைக்கே தெரியாது. கனம் பார்க்கும் கண்ணாடி அட்டையை வைத்து 0.3 மி.மீ. என்று எழுதி, விரிசல் முடியும் இடத்தில் பென்சிலால் குறுக்கே ஒரு கோடும் தேதியும் போட்டார். அந்தக் கோடு எனக்குப் பிற்பாடு செய்த உதவி கொஞ்சமல்ல.

அப்போதுதான் சுவரைப் பற்றிப் பேச்சு வந்தது. 1998இல் கட்டும்போது பேப்பர் எதுவும் போட்டீர்களா என்று என் சர்வேயர் கேட்டார். அண்ணை மாடிக்குப் போய் ஒரு பழைய ஃபைலோடு வந்தார். வீட்டுக் காஸ் பில் முதல் பிள்ளைகளின் தடுப்பூசி அட்டை வரை எல்லாம் அதில் இருந்தது. நடுவில் ஒரு மஞ்சளேறிய தாள். அண்ணை சட்டப்படி அனுப்பிய நோட்டீஸ், கீழே என் வீட்டின் முந்தைய உரிமையாளர் கையெழுத்து: எல்லைக்கோட்டின் மேல், இருவருக்கும் பொதுவாகச் சுவர் கட்டச் சம்மதம். இரண்டு சர்வேயரும் ஒரே நேரத்தில் குனிந்து படம் எடுத்தார்கள். ஒரு மாத மின்னஞ்சல் அந்த ஒரு தாளில் முடிந்தது.

"இது உங்களிட்டை இருக்கெண்டு சொல்லவே இல்லையே அண்ணை" என்றேன், அவர் பாணியிலேயே.

"நீங்கள் கேட்டனீங்களே?"

பதில் இல்லை என்னிடம்.

ஏப்ரல் நடுவில் அவார்டு வந்தது. எட்டு மணி முதல் ஐந்தரை வரை வேலை, சனிக்கிழமை ஒரு மணி வரை, பொதுச்சுவரில் அதிரும் டிரில் கூடாது, கையுளிதான். பிடிக்காவிட்டால் பதினான்கு நாளுக்குள் கவுண்டி கோர்ட்டில் மேல்முறையீடு. செலவுப் பகுதிதான் கொஞ்சம் சுட்டது. அண்ணையின் சர்வேயர் அனுப்பியிருந்த கணக்கு பதினொன்றரை மணி நேரம், 2,185 பவுண்டு, வரியோடு 2,622. அவார்டில் கையெழுத்தாகும் முன்பே நான் நேரக் கணக்கைப் பிரித்துக் கேட்டிருந்தேன். அதில், நாங்கள் தோண்டவே போகாத ஆழத்துக்கு அஸ்திவாரக் கணக்குச் சரிபார்ப்பு என்று இரண்டு மணி, பயணம் ஒரு மணி. என் சர்வேயர், இதை மூன்றாமவரிடம் கொண்டு போகலாமா என்று ஒரு வரி எழுதினார். மூன்று மணி நேரமும் குறைந்தது. எட்டரை மணி, வரியோடு 1,938. இரண்டு பேருக்கும் சேர்த்து 2,958 பவுண்டு. கணக்கு வந்தால் வாயை மூடிக்கொண்டு கட்டாமல், எந்த வேலைக்கு எத்தனை நிமிடம் என்று கேளுங்கள். கேட்பதற்குக் காசில்லை.

சுவருக்கும் காசு உண்டு. ஒருவர் தன் செலவில் கட்டிய சுவரைப் பின்னாளில் மற்றவர் பயன்படுத்தினால், தன் பங்கைக் கொடுக்க வேண்டும். 1998 விலையில் இல்லை, பயன்படுத்தும் நாளின் விலையில். மூன்று மீட்டர் சுவரும் அதன் அஸ்திவாரமும் இன்றைக்குக் கட்டினால் 3,400 என்று கணக்கிட்டு, பாதி 1,700 என் தலையில். நான் தனியாக ஒரு சுவர் கட்டியிருந்தால் அதைவிட அதிகம் ஆகியிருக்கும், இருபத்தைந்து செ.மீ.யும் போயிருக்கும். அதனால் இதில் எனக்கு வருத்தமே இல்லை. "காசு என்னத்துக்குத் தம்பி" என்று அண்ணை இரண்டு முறை தள்ளினார். மூன்றாம் முறை மகள் கணக்கு எண்ணை அனுப்பினாள். ரசீது எழுதி வாங்கிக்கொண்டேன், நாளை வீட்டை விற்கும்போது வக்கீல் கேட்பார்.

மே முதல் வாரம் வேலை தொடங்கியது. அந்தச் சுவரின் என் பக்கம் முழுக்க ஐவிக் கொடி. அதைப் பிய்க்கும்போது கருவாடு பொரிக்கிற வாசனை முகத்தில் அடித்தது. கொடிக்குப் பின்னால் சின்னப் பிளாஸ்டிக் மூடி, அண்ணையின் எக்ஸாஸ்ட் ஃபேன் குழாய். பத்து வருடமாக என் தோட்டத்தில் வீசிய மீன் பொரியலின் ஊற்று அதுதான். நான் அதை அப்படியே அடைத்துக் கட்டியிருந்தால் அவர்கள் தாளிப்பு நேராக என் சாப்பாட்டு மேசைக்கு வந்திருக்கும். இரண்டு சர்வேயர், எட்டரை மணி நேரம், ஒருவர் கண்ணிலும் படவில்லை.

இந்த முறை யாருக்கும் மின்னஞ்சல் எழுதவில்லை. அண்ணையின் மனைவியை, அக்காவை, கூப்பிட்டு வேலிக்கு இந்தப் பக்கம் நின்று காட்டினேன், மூக்கைச் சுளித்துச் சிரித்தார். கொத்தனார் குழாயை அவர்கள் கூரை வழியே மேலே எடுத்து, சுவர் ஓட்டையைச் செங்கல் துண்டும் கலவையும் வைத்து முழுக்க அடைத்தார். 310 பவுண்டு, நான் கொடுத்தேன். என் பக்கம் குழாய் வைக்க அவருக்கு உரிமை இருந்ததா என்று கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் 310 எத்தனையாக வளர்ந்திருக்கும் என்று யோசித்துப் பார்த்தேன்.

மற்ற வேலையெல்லாம் எந்தச் சமையலறைக்கும் உள்ளதுதான். வலப்பக்கம் பாட்டி வீட்டு ஆப்பிள் மரத்தைப் பார்த்துவிட்டு, கட்டிட ஆய்வாளர் ஒன்றரை மீட்டர் ஆழம் போகச் சொன்னார், கான்கிரீட் செலவு எகிறியது. என் கூரை அண்ணையின் சுவரைச் சந்திக்கும் இடத்தில்தான் கொஞ்சம் கவனம் வேண்டியிருந்தது. செங்கல் வரிக்கு இடையே உள்ள கலவையில் இருபத்தைந்து மி.மீ. ஆழத்துக்கு ஒரு கோடு வெட்டி, ஈயத்தகட்டின் மேல் ஓரத்தை அதற்குள் மடித்துச் செருகி, ஈயச் சீவலை ஆப்பு மாதிரி அடித்து நிறுத்தி, மேலே அடைப்புப் பசை. தகட்டை ஒன்றரை மீட்டருக்கு மேல் ஒரே துண்டாகப் போடக் கூடாது, வெயிலில் விரிந்து கிழியும். எங்கள் ஆள் ஒரே நீளமாக உருட்டப் பார்த்தார், நிறுத்திப் பிரித்துப் போடச் சொன்னேன்.

ஜூலையில் அண்ணை கூப்பிட்டார். சுவர் வெடித்திருக்கிறது, உங்கள் வேலையில்தான். போனேன். காலண்டர் கழற்றிக் கிடந்தது. விரிசல் நன்றாகவே தெரிந்தது, பயமாகத்தான் இருந்தது. அவார்டோடு வந்த படத்தைப் போனில் திறந்து, பென்சில் கோட்டைத் தேடினோம். விரிசலின் முனை அந்தக் கோட்டில் அப்படியே நின்றது, ஒரு மயிரிழைகூடத் தாண்டவில்லை. அண்ணை கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் திரும்பப் போட்டுப் பார்த்தார். "முந்தியே இருந்ததுதான்" என்று சொல்லிவிட்டு, கந்தனைத் திரும்ப மாட்டினார்.

டிசம்பர் மழையில் சமையலறையின் கூரை மூலையில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு ஈரம். ஈயத்தகட்டின் கடைசித் துண்டில் பசை விட்டிருக்கிறது. அந்த இடத்தை எட்ட அண்ணையின் பக்கத்தில் ஏணி போட்டால்தான் முடியும். சட்டப்படி அதற்கும் பதினான்கு நாள் முன்னறிவிப்பு உண்டு. வேலிக்கு மேல் எட்டி, நாளைக் காலை ஏணி வைக்கலாமா என்று கேட்டேன்.

"வையுங்கோ. ஆனா பத்து மணிக்குப் பிறகு வாங்கோ. ஏணியைப் பிடிக்க நானும் நிக்க வேணுமே."